சிமுலேட்டர் விமானத்தில் வேகம் நிற்கவில்லையா? ஏர்பஸ், போயிங் ஓட்டும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டோபைலட் பலகையின் வேக ஜன்னலில் 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வைத்திருக்கிறீர்கள், விமானம் 290-ல் போகிறது. அல்லது ஏறும்போது வேகம் கரைந்துகொண்டே வந்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) எச்சரிக்கை கேட்கிறது. அல்லது இறங்கும்போது, ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓவர்ஸ்பீட் மணி அடிக்கிறது. சிறிய விமானங்களை ஓட்டிவிட்டு ஏ320, 737 பக்கம் வருகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்வார்கள். நானும் இதில் நெடுநாள் திணறினேன். விடைகள் இருந்தன, ஆனால் சிதறிக் கிடந்தன: ஒரு துண்டு விமானத்தின் கையேட்டில், ஒரு துண்டு கண்ட்ரோல் செட்டிங்கில், இன்னொரு துண்டு நிஜ விமானிகளின் பயிற்சிப் பாடத்தில். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பறக்கும்போது எந்த வரிசையில் தேவைப்படுமோ அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். இது சிமுலேட்டருக்கு மட்டுமே.

திரையில் வரும் சுருக்கங்களை விமானிகள் வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். 'த்ரஸ்ட் கிளைம்ப்' என்று நான் எழுதும் இடத்தில் உங்கள் திரையில் அதன் சுருக்கம் இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

1. மூக்கா, எஞ்சினா: இதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

வேக ஜன்னலில் நீங்கள் வைக்கும் எண் ஒரு கோரிக்கை மட்டுமே. அதை நிறைவேற்ற விமானத்துக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கலாம். அல்லது மூக்கைத் தூக்கி இறக்கலாம். எஞ்சினைப் பார்த்துக்கொள்வது ஆட்டோத்ராட்டில். ஏர்பஸில் அதற்குப் பெயர் ஆட்டோத்ரஸ்ட். மூக்கைப் பார்த்துக்கொள்வது ஆட்டோபைலட்.

நேர்மட்டமாகப் பறக்கும்போது மூக்குக்கு உயரத்தைக் காக்கும் வேலை இருக்கிறது. ஆகவே வேகத்தைக் காப்பது எஞ்சின். குறிப்பிட்ட இறங்கு வீதம் வைத்து இறங்கும்போதும், கிளைட்ஸ்லோப்பில் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சரிவு) வரும்போதும் அப்படியே. ஏர்பஸில் 'ஓப்பன் கிளைம்ப்', போயிங்கில் 'லெவல் சேஞ்ச்' போட்டு ஏறினால் கதை தலைகீழ். எஞ்சின் ஏற்றத்துக்குரிய விசையில் நிலையாக நிற்கும், மூக்குதான் தூக்கியும் இறக்கியும் வேகத்தைப் பிடிக்கும்.

சிக்கல் வரும் இடம் ஒன்றே ஒன்று. மூக்குக்கு வேறு வேலை கொடுத்துவிட்டீர்கள், எஞ்சினும் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அதாவது முழு ஏற்ற விசையிலோ, ஐடிலிலோ (மிகக் குறைந்த விசை) நிற்கிறது. இப்போது வேகத்தைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை. ஜன்னலில் எண் மட்டும் அப்படியே இருக்கும். மேலே சொன்ன மூன்று புகார்களும் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

2. தாள்கள், விமானம், செலவு

முதல் தேவை ஒரு ஃப்ளைட் பிளான் தாள். சிம்பிரீஃப் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் வழிசெலுத்தல் தரவு பழையதாக இருக்கும். நிஜ உலகில் அந்தத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. புதிய தரவும் சார்ட்டுகளும் வேண்டுமென்றால் நாவிகிராஃப் சந்தா கட்ட வேண்டும். வேகப் பிடிப்பைக் கற்றுக்கொள்ள அந்தச் செலவு தேவையில்லை.

அந்தத் தாளிலிருந்து நமக்கு வேண்டியவை: காஸ்ட் இண்டெக்ஸ், குரூஸ் உயரம் (ஏறி முடித்து நிலையாகப் பறக்கும் உயரம்), ஜீரோ ஃப்யூயல் எடை (எரிபொருள் சேர்க்காத எடை), எரிபொருள் அளவு. இவற்றைக் காக்பிட் கணினியில் ஏற்றாமல் பறக்கக் கிளம்பாதீர்கள். ஏற்றம், குரூஸ், இறக்கம் மூன்றுக்கும் சிக்கன வேகத்தைக் கணினி முடிவுசெய்வது காஸ்ட் இண்டெக்ஸை வைத்துத்தான். 0 என்றால் எரிபொருளை மிச்சப்படுத்து என்று பொருள். எண் கூடக்கூட வேகமும் கூடும். எடை இல்லாவிட்டால் தரையிறங்கும் வேகத்தைக் கணக்கிட வழியில்லை. 'மேனேஜ்டு வேகம் (கணினியே முடிவுசெய்யும் வேகம்) வேலை செய்யவில்லை' என்று வருகிற பல புகார்களில் உண்மைக் காரணம், இந்த நான்கில் ஏதோ ஒன்று காலியாகக் கிடந்ததுதான்.

விமானத்துக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320 இலவசம். எக்ஸ்-பிளேனில், கூடவே வரும் 737-ஐ மேம்படுத்தும் ஸீபோ மாற்றமும் இலவசம். இரண்டும் நிஜ விமானத்தின் தர்க்கத்தை நன்றாகவே பின்பற்றுகின்றன. ஃபெனிக்ஸ் ஏ320, பி.எம்.டி.ஜி. 737 போன்றவை பணம் கொடுத்து வாங்க வேண்டியவை. அருமையானவைதான், ஆனால் இந்தக் கட்டுரையில் உள்ளதைப் பழகும் வரை வாங்காதீர்கள். இலவச விமானத்தில் புரியாத ஒன்று விலைகொடுத்த விமானத்திலும் புரியப்போவதில்லை. லீவர் விஷயத்திலும் இதையே சொல்வேன். படிப்படியாக நிற்கும் தனி த்ராட்டில் பெட்டி ஒரு வசதி, அவ்வளவுதான். ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் ஒற்றை லீவரே போதும்.

3. லீவரைச் சீர்படுத்துங்கள், பறப்பதற்கு முன்பே

இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால் பிறகு பல மாலைகள் வீணாகும்.

ஏர்பஸில் லீவர் படிப்படியாக நிற்கும்: ஐடில், கிளைம்ப், ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), டோகா (முழு விசை). ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும்போது லீவர் நகராது. ஏறத் தொடங்கியதிலிருந்து தரையிறங்கும் வரை அது கிளைம்ப் படியிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் எவ்வளவு உயரலாம் என்பதற்கு லீவர் நிற்கும் இடம்தான் உச்சவரம்பு. உங்கள் ஜாய்ஸ்டிக் லீவர் கிளைம்ப் படிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றால்கூட ஆட்டோத்ரஸ்டுக்கு முழு ஏற்ற விசை கிடைக்காது. விமானம் சோம்பலாக ஏறும், வேகம் தேறாது. நீங்களோ ஆட்டோபைலட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஃப்ளைபைவயரில் காக்பிட் டேப்லெட்டின் செட்டிங்கிலேயே த்ராட்டில் அளவீட்டுப் பக்கம் இருக்கிறது. லீவரை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, அங்கே வரும் எண்ணைப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் மேலும் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள். மலிவான லீவர்களில் எண் சற்று நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் படியை விட்டு வெளியே போய்விடக் கூடாது. சரி, முடித்ததும் சேமிக்க மறக்காதீர்கள்.

போயிங்கில் நிலைமை வேறு. நிஜ 737-ல் ஆட்டோத்ராட்டில் லீவரையே நகர்த்தும். உங்கள் மேசையில் இருக்கும் லீவர் நகராது. ஆகவே திரைக்குள் இருக்கும் லீவரும் கையில் இருக்கும் லீவரும் இரு வேறு இடங்களில் நிற்கும். நல்ல விமானங்களில், ஆட்டோத்ராட்டில் ஓடும்போது கை லீவரை எப்போது மதிப்பது என்று கேட்கும் ஒரு தெரிவு உண்டு: எப்போதும், எப்போதும் வேண்டாம், 'த்ராட்டில் ஹோல்ட்' நிலையில் மட்டும். மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். 'எப்போதும்' என்று விட்டால், லீவர் லேசாக நடுங்கினாலும் ஆட்டோத்ராட்டிலோடு சண்டைக்கு நிற்கும்.

அப்புறம் மூன்று சோதனைகள். ஒன்று, வேறு ஏதாவது கண்ட்ரோலர் செருகியிருக்கிறதா, அதிலும் த்ராட்டில் அச்சு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேம்பேட் ஒன்று பின்னால் மறந்து கிடந்தாலே போதும், விசை தானாக ஏறி இறங்கும். இரண்டு, சிமுலேட்டரின் உதவி அமைப்புகள் எல்லாவற்றையும் அணையுங்கள். தானியங்கி டிரிம் முதல் செயற்கைத் துணைவிமானி வரை. மூன்று, சிமுலேட்டரின் பொதுவான விசைப்பலகைக் குறுக்குவழிகளால் ஸ்பீட் ஹோல்டைப் போடாதீர்கள். சொந்த ஆட்டோபைலட் தர்க்கம் கொண்ட விமானங்களில் அந்தக் கட்டளை சரியாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. காக்பிட்டில் இருக்கும் குமிழையே திருப்புங்கள்.

4. திரையின் உச்சியில் இருக்கும் வரியை வாசிக்கப் பழகுங்கள்

வேகக் காட்டி இருக்கும் முதன்மைத் திரையின் மேல்விளிம்பில் சில சொற்கள் வரிசையாக நிற்கும். அதுதான் எஃப்.எம்.ஏ. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். குமிழில் நீங்கள் என்ன வைத்தீர்கள் என்பதை விட்டுவிடுங்கள். விமானம் என்ன புரிந்துகொண்டது என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

ஏர்பஸில் முதல் கட்டம் எஞ்சினைச் சொல்லும், இரண்டாவது கட்டம் மூக்கைச் சொல்லும். 737-ல் முதல் கட்டம் எஞ்சின், நடுவில் திசை, மூன்றாவதுதான் மூக்கு.

ஏர்பஸின் முதல் கட்டத்தில் 'ஸ்பீட்' அல்லது 'மாக்' (ஒலியின் வேகத்தோடு ஒப்பிடும் வேக அளவு) என்று இருந்தால் வேகம் எஞ்சின் கையில். 'த்ரஸ்ட் கிளைம்ப்', 'த்ரஸ்ட் ஐடில்' என்று இருந்தால் எஞ்சின் நிலையாக நிற்கிறது, வேகம் மூக்கின் பொறுப்பு. போயிங்கில் 'எம்.சி.பி. ஸ்பீட்' (ஆட்டோபைலட் பலகையில் நீங்கள் வைத்த வேகம்), 'எஃப்.எம்.சி. ஸ்பீட்' (காக்பிட் கணினி கொடுத்த வேகம்) என்றால் எஞ்சின் பிடிக்கிறது. 'என்1' என்றால் ஏற்ற விசை, மூக்கு பிடிக்கிறது. 'ரிடார்ட்' என்றால் லீவர் ஐடிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 'ஆர்ம்' என்றால் ஆட்டோத்ராட்டில் விழித்திருக்கிறது, ஆனால் எதையும் நகர்த்தவில்லை. இந்த 'ஆர்ம்' பலரை ஏமாற்றும். சுவிட்ச் மேலே இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் வேகத்தை அது பிடிக்கவில்லை.

ஏர்பஸில் நிறமும் பேசும். வேகப் பட்டையில் இலக்கு முக்கோணம் மெஜந்தா நிறத்தில் இருந்தால் அது மேனேஜ்டு. கணினி முடிவுசெய்த வேகம். வெளிர்நீலமாக இருந்தால் செலக்டெட். நீங்கள் வைத்த வேகம். வேகக் குமிழை உள்ளே அழுத்தினால் கணினியிடம் போகும், ஜன்னலில் கோடுகளும் ஒரு புள்ளியும் தெரியும். வெளியே இழுத்தால் உங்களிடம் வரும். வரியின் கடைசிக் கட்டத்தில் ஆட்டோத்ரஸ்ட் வெள்ளையாக இருந்தால் வேலை செய்கிறது, வெளிர்நீலமாக இருந்தால் தயாராக மட்டும் இருக்கிறது.

இதைப் படித்தால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். 15,000 அடியில், 250 நாட் வேகத்தில், நேர்மட்டமாக ஒரு பறப்பைச் சேமித்து வையுங்கள். அதிலிருந்து தொடங்கி இப்படிச் செய்யுங்கள். இலக்கை 280 ஆக்குங்கள். எஞ்சின் உயர்வதையும் வரியில் 'ஸ்பீட்' மாறாமல் நிற்பதையும் பாருங்கள். பிறகு மேலே ஓர் உயரம் வைத்து, நிமிடத்துக்கு 1,000 அடி வீதத்தில் ஏறுங்கள், வேகம் நிற்கும். இப்போது வீதத்தை 4,000 ஆக்குங்கள். எஞ்சின் எல்லையைத் தொடும், வேகம் கரையத் தொடங்கும். 'ஸ்பீட்' என்ற சொல் மட்டும் அங்கேயே இருக்கும். ஸ்டாலுக்குக் காத்திருக்க வேண்டாம், உயரக் குமிழை இழுத்து ஓப்பன் கிளைம்ப் போடுங்கள். வரி 'த்ரஸ்ட் கிளைம்ப்' ஆகும், மூக்கு தாழும், வேகம் திரும்பி வரும். அங்கேயே இலக்கை 260-க்கு இறக்கிப் பாருங்கள்: எஞ்சின் அசையாது, மூக்குதான் உயரும். 737-ல் இதே பயிற்சியை லெவல் சேஞ்ச் பொத்தானோடு செய்யலாம்.

5. புறப்படும்போது

ஏர்பஸில் லீவரை ஃப்ளெக்ஸிலோ டோகாவிலோ வைத்ததும் ஆட்டோத்ரஸ்ட் தயாராகும், ஆனால் வேலை செய்யாது. விசைக்குறைப்பு உயரத்தில், வழக்கமாக விமான நிலையத்துக்கு மேல் 1,500 அடியில், வரியில் 'லீவர் கிளைம்ப்' என்று மின்னும். அப்போது லீவரைக் கிளைம்ப் படிக்கு இழுக்க வேண்டும். அந்த நொடியில்தான் ஆட்டோத்ரஸ்ட் உயிர்பெறுகிறது. மின்னுவதைக் கவனிக்காமல் விட்டால், ஆட்டோபைலட் போட்டிருந்தாலும் எஞ்சின் புறப்பாட்டு விசையிலேயே இருக்கும்.

முடுக்க உயரம் (ஏற்றத்தைத் தணித்து வேகம் கூட்டத் தொடங்கும் உயரம்) வந்ததும் மேனேஜ்டு இலக்கு 250-க்குத் தாவும். ஃபிளாப் வெளியே இருக்கும்போதே இது நடக்கும். ஏ320-ல் புறப்பாட்டு ஃபிளாப் நிலைகளில் ஒன்றான 1+எஃப்-இன் எல்லை 215 நாட்தான். ஃபிளாப்பை உள்ளே எடுக்கும் வேகங்களைக் காட்டும் எஃப், எஸ் குறிகளை வேகப் பட்டையில் பார்த்து, அவற்றைத் தாண்டியதும் ஃபிளாப்பைப் படிப்படியாக உள்ளே எடுங்கள்.

737-ல் ஆட்டோத்ராட்டில் சுவிட்சை ஆர்ம் செய்து, எம்.சி.பி.-யில் (ஆட்டோபைலட் பலகை) வி2 வேகத்தை (ஒரு எஞ்சின் பழுதானாலும் ஏறத் தேவையான வேகம்) வைத்து, டோகா பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானுக்கு ஜாய்ஸ்டிக்கில் முன்பே ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள், ஓடுபாதையில் தேடிக்கொண்டிருக்க முடியாது. 84 நாட் வேகத்தில் 'த்ராட்டில் ஹோல்ட்' வரும். அதற்குப் பிறகு ஆட்டோத்ராட்டில் லீவரைத் தொடாது, உங்கள் கை லீவருக்கு மதிப்பு வந்துவிடும். அதனால் கை லீவரை முன்கூட்டியே புறப்பாட்டு விசை அளவுக்கு மேலே தள்ளி வையுங்கள். பிறகு முடுக்க உயரத்தில் வி-நேவ் (கணினி கணித்த உயரப் பாதையைப் பின்பற்றும் மோடு) அல்லது லெவல் சேஞ்ச் போட்டு, 'என்1' வந்துவிட்டதா என்று பாருங்கள்.

6. ஏற்றத்தில்: வீதத்தை நம்பாதீர்கள்

ஏற்ற வீதக் குமிழ் புதியவர்களை ஈர்க்கும். எண் வைத்தால் அப்படியே ஏறுகிறதே என்று தோன்றும். தாழ்வான உயரத்தில் 2,500 அடி வீதம் சுலபமாக வரும். 30,000 அடிக்கு மேல் அதே வீதத்துக்கு எஞ்சினில் தெம்பு இருக்காது. வேகம்தான் பலியாகும். ஏர்பஸ், வேகம் மிகவும் இறங்கிக் குறைந்தபட்ச எல்லையைத் தொட்டால் வீதத்தைக் கைவிட்டு உங்களைக் காப்பாற்றும். எல்லா விமானமும் அப்படிச் செய்யும் என்று எண்ணிப் பறக்காதீர்கள். ஏற்றத்துக்கு மேனேஜ்டு கிளைம்ப், ஓப்பன் கிளைம்ப், வி-நேவ், லெவல் சேஞ்ச் ஆகிய நான்கில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

மேனேஜ்டு வேகத்தில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் எல்லையைக் கணினியே காக்கும். செலக்டெட் வைத்திருந்தால் அது உங்கள் பொறுப்பு.

உயரே போகப்போக நாட் கணக்கு மாக் கணக்காக மாறும். 300 நாட், மாக் 0.78 என்று ஏறும் விமானத்துக்கு இந்த மாற்றம் 29,000 அடி வாக்கில் வரும். ஏ320-யும் 737-800-ம் தாமாகவே மாற்றிக்கொள்ளும். எளிமையாகச் செய்யப்பட்ட விமானங்கள் சில மாற்றாமல் நாட் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். 35,000 அடியில் 300 நாட் என்பது மாக் 0.87. இந்த இரு விமானங்களின் உச்ச எல்லையோ 0.82. அதனால் 28,000 அடி தாண்டும்போது ஜன்னலை ஒருமுறை பாருங்கள். 737-ல் தேவைப்பட்டால் 'சி/ஓ' பொத்தானை அழுத்தி நீங்களே மாற்றலாம்.

7. குரூஸில்

முழு ஏற்ற விசையில் இருந்தும் வேகம் தேறவில்லை என்றால் விமானம் எடைக்கு மீறிய உயரத்தில் இருக்கிறது. ஏ320-ல் காக்பிட் கணினியின் ப்ராக் பக்கத்தில் உச்ச உயரம் எழுதியிருக்கும். 737-ல் குரூஸ் பக்கத்தில். அதோடு ஒப்பிட்டுக் கீழே இறங்குங்கள். நேரத்தை மிச்சப்படுத்தச் சிமுலேட்டர் ஓட்டத்தை நான்கு மடங்கு ஆக்கினால் ஆட்டோபைலட் ஊசலாடத் தொடங்கலாம். ஆடினால் உடனே இயல்பு ஓட்டத்துக்கு வாருங்கள். இறக்கம் தொடங்கும் முன் எப்படியும் இயல்புக்கு வந்துவிட வேண்டும்.

8. இறக்கத்தில்: உண்மையான தேர்வு இங்கேதான்

இறங்கும் விமானத்துக்கு வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைச் செலவழிப்பதுதான் கடினம். எஞ்சின் ஐடிலுக்குப் போன பிறகு அதற்குக் கீழே போக இடமில்லை. ஆகவே இறக்கத்தில் வேகம் நிற்காவிட்டால் ஆட்டோத்ரஸ்டைப் பார்த்துப் பயனில்லை. மூக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஓப்பன் டிசென்ட் அல்லது லெவல் சேஞ்சில் எஞ்சின் ஐடில், மூக்கு வேகத்தைப் பிடிக்கும். வேகம் துல்லியமாக நிற்கும். ஆனால் இலக்கை 300-லிருந்து 250-க்கு இறக்கினால் மூக்கு உயர்ந்து, இறங்கு வீதம் கிட்டத்தட்ட நின்றுபோகும். வேகம் குறைந்த பிறகுதான் மறுபடி இறங்கும். இது பழுது இல்லை. இறங்கவும் வேகம் குறைக்கவும் ஒரே நேரத்தில் முடியாது, ஏதாவது ஒன்றுதான்.

வீதம் வைத்து இறங்கும்போது 3,000 அடி என்று வைத்தால் மூக்கு அந்த வீதத்துக்குக் கட்டுப்பட்டுவிடும். எஞ்சின் ஐடிலைத் தொட்டதும் வேகம் ஏறும். வீதத்தைக் குறையுங்கள் அல்லது ஸ்பீட் பிரேக்கை (இறக்கையின் மேல் எழும்பி இழுவை தரும் தகடுகள்) இழுங்கள்.

அதிகமாகக் குழப்புவது மேனேஜ்டு டிசென்ட். அங்கே மூக்கின் முதல் வேலை கணினி வரைந்த பாதையைக் காப்பது. வேகம் இலக்கிலிருந்து 20 நாட் வரை மேலும் கீழும் நகர அனுமதி உண்டு. வேகப் பட்டையில் இலக்குக்கு மேலும் கீழும் அந்த எல்லைகள் குறிக்கப்பட்டிருக்கும். இலக்கு 280 என்று இருக்கும்போது 297-ல் போனால் பதற வேண்டாம். மேல் எல்லையை ஒட்டியே நின்றால் பாதி ஸ்பீட் பிரேக் போடுங்கள். 737-ல் வி-நேவ் பாதையில் இறங்கும்போதும் இதே கதைதான். பின்காற்று தள்ளினால் 'டிராக் ரிகொயர்டு' என்ற செய்தி வரும். அந்தச் செய்திக்கு விடை ஸ்பீட் பிரேக். லீவரை இழுத்துப் பயனில்லை, அது ஏற்கெனவே ஐடிலில்தான் இருக்கும்.

ஸ்பீட் பிரேக்கிலும் ஒரு பொறி உண்டு. ஏர்பஸில் அதை இழுத்ததும் குறைந்தபட்ச வேகமான வி.எல்.எஸ். மேலே ஏறும். நீங்கள் வைத்த வேகம் வி.எல்.எஸ்-ஸுக்குக் கீழே இருந்தால் ஆட்டோத்ரஸ்ட் அதற்குக் கீழ்ப்படியாது, வி.எல்.எஸ்-ஸையே காக்கும். '190 வைத்தேன், 205-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது' என்றால் பட்டையின் கீழ்ப்பகுதியில் வி.எல்.எஸ். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பீட் பிரேக்கை உள்ளே தள்ளுங்கள், அல்லது ஃபிளாப்பை வெளியே இறக்குங்கள்.

எப்போது இறங்கத் தொடங்குவது என்ற கணக்கைத் தாளில் போட்டு வையுங்கள். இழக்க வேண்டிய உயரத்தில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல். 36,000-லிருந்து 3,000-க்கு என்றால் 33 ஆயிரம், அதாவது 99 மைல். வேகம் குறைக்க 10 மைல் சேருங்கள், பின்காற்று பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். நேர்மட்டத்தில் ஐடிலில் 10 நாட் குறைய ஏறத்தாழ ஒரு மைல் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். பாதையில் இறங்கிக்கொண்டே என்றால் இதைவிட நிறைய ஆகும். கணினியின் பாதையை முழுதாக நம்பாமல் இந்தக் கணக்கோடு அடிக்கடி ஒப்பிடுங்கள். தாமதமாக இறங்கத் தொடங்கியவருக்கு எந்த மோடும் உதவாது.

9. அப்ரோச்சில்

ஏர்பஸில் இறங்கத் தொடங்கும் முன்பே பெர்ஃப் அப்ரோச் பக்கத்தில் காற்றழுத்தம், வெப்பநிலை, காற்று மூன்றையும் நிரப்புங்கள். சேருமிட வானிலை அறிக்கையிலிருந்து எடுக்கலாம். கணினியில் அப்ரோச் (தரையிறங்க நெருங்கும்) கட்டம் செயல்படாத வரை மேனேஜ்டு வேகம் இறக்கத்துக்குரிய இலக்கிலேயே, 10,000 அடிக்குக் கீழே 250-ல், நின்றுகொண்டிருக்கும். ஃபிளாப்பை இறக்கினாலும் அந்த இலக்கு குறையாது. ஏ320-ல் ஃபிளாப் 1-இன் எல்லை 230, 2-க்கு 200, 3-க்கு 185, முழு ஃபிளாப்புக்கு 177. ஆட்டோத்ரஸ்ட் 250-ஐக் காத்துக்கொண்டிருக்கும்போது ஃபிளாப்பை இறக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்! பாதையைச் சரியாகப் பின்பற்றினால் டிசெல் புள்ளியை (வேகக் குறைப்பைத் தொடங்கக் கணினி குறித்த இடம்) தாண்டும்போது கட்டம் தானாக மாறும். ஹெடிங்கில் (நீங்கள் வைத்த திசையில்) போய்க்கொண்டிருந்தால் அதை நம்பாமல், பெர்ஃப் பக்கத்தில் நீங்களே இருமுறை அழுத்திச் செயல்படுத்துங்கள். அதன்பின் இலக்கு தானாக இறங்கும்: முதலில் கிரீன் டாட் (ஃபிளாப் இல்லாமல் பறக்கும் வேகம்), ஃபிளாப் 1 இறக்கினால் எஸ், 2 இறக்கினால் எஃப், முழுதாக இறக்கினால் வி-அப்ரோச் (தரையிறங்க வரும் இறுதி வேகம்).

கடைசி மைல்களில் மெஜந்தா முக்கோணம் மேலும் கீழும் அலைந்தால் அது கோளாறு அல்ல. எதிர்காற்று வலுக்கும்போது ஏர்பஸ் இலக்கை வேண்டுமென்றே உயர்த்தும். காற்றை நீங்கள் நிரப்பியிருந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

737-ல் இந்த வசதி இல்லை. வேகப் பட்டையில் ஃபிளாப் வேகங்கள் பச்சைக் குறிகளாக நிற்கும். ஃபிளாப்பை ஒவ்வொரு நிலைக்கு இறக்கியதும் எம்.சி.பி. வேகத்தை அந்த ஃபிளாப்புக்குரிய குறிக்கு நீங்களே இறக்க வேண்டும். அப்ரோச் ரெஃப் பக்கத்தில் வி-ரெஃப் (தரையிறங்கும் அடிப்படை வேகம்) தேர்ந்தெடுத்து, கடைசியில் அதோடு 5 சேர்த்து வையுங்கள்.

இரண்டுக்கும் பொது: கிளைட்ஸ்லோப்பைப் பிடிக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஃபிளாப் இல்லாத விமானம் 3 டிகிரிச் சரிவில் ஐடிலிலும் பெரிதாக வேகம் குறையாது. தவறிப்போனால் சக்கரத்தை இறக்குங்கள், அதைப்போல் இழுவை தருவது வேறில்லை.

10. ஆட்டோத்ரஸ்டை விடுவிப்பது

ஏர்பஸ் லீவர் கிளைம்ப் படியில் இருக்கும்போது துண்டிப்புப் பொத்தானை அழுத்தினால், எஞ்சின் உடனே லீவர் நிற்கும் இடத்துக்கு, அதாவது ஏற்ற விசைக்குத் தாவும். தரைக்கு 800 அடி மேலே அது வேண்டவே வேண்டாம். முதலில் லீவரை மெல்லப் பின்னால் இழுங்கள். என்1 (எஞ்சின் விசிறியின் சுழற்சி) காட்டியில் லீவரின் இடத்தைக் காட்டும் சிறு வட்டம், எஞ்சின் ஊசியோடு சேரும் வரை இழுங்கள். சேர்ந்ததும் அழுத்துங்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள ஆட்டோத்ரஸ்ட் பொத்தானால் அணைத்தால் 'த்ரஸ்ட் லாக்' வரும். லீவரை அசைக்கும் வரை விசை உறைந்துவிடும். அந்தப் பொத்தானை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

737-ல் ஆட்டோபைலட்டை எடுக்கும்போதே ஆட்டோத்ராட்டிலையும் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் கை லீவரைத் திரையில் இருக்கும் லீவரின் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் துண்டித்த நொடியில் விசை கை லீவருக்குத் தாவும். அது ஐடிலில் கிடந்தால் விமானம் அப்படியே அமிழும்.

ஆட்டோத்ரஸ்டோடே தரையிறங்குவதும் ஏர்பஸில் இயல்பான வழிதான். கையால் இறக்கும்போது 20 அடியில் 'ரிடார்ட்' என்று குரல் கேட்கும். அப்போது லீவரை ஐடிலுக்கு இழுங்கள், ஆட்டோத்ரஸ்ட் தானே விடுபடும். இழுக்காவிட்டால் அது வேகத்தைக் காப்பாற்ற எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும், ஓடுபாதையின் பாதி மிதந்தே போய்விடும்.

இறங்க மனம் வரவில்லை என்றால் ஏர்பஸில் லீவரை டோகா வரை தள்ளுங்கள், 737-ல் டோகா பொத்தான். ஏர்பஸில் ஆட்டோத்ரஸ்ட் மறுபடி தயார் நிலைக்குப் போகும். 'லீவர் கிளைம்ப்' மின்னியதும், புறப்பட்டபோது செய்ததுபோலவே, கிளைம்ப் படிக்கு இழுத்தால் வேகம் மறுபடி அதன் கைக்கு வந்துவிடும்.